ஏழரை மணிப் பிள்ளை

வியாகுலம் அண்ணனின் கால் எலும்பு கூடி, அவர் மறுபடியும் துறைமுகத்தில் கிரேன் ஏறப் போன அன்று சாயங்காலம் ஏழரை மணிக்கு, எங்கள் லைனில் அணைந்து கிடந்த எல்லா டிவிகளுக்குள்ளிருந்தும் ஒரு கைக்குழந்தை அழுதது.

எங்கள் லைன் என்பது தூத்துக்குடியில் ஓர் உப்புக் குடோனுக்குப் பின்னால் எதிரும் புதிருமாக நிற்கிற இரண்டு வரிசை வீடுகள், நடுவில் ஒரு பொதுக்குழாய், கோடியில் மாதா சிலையை வைத்த, குகைபோன்ற ஒரு சின்னக் கெபி. ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் எதிர்வீட்டில் இருமுவார்கள், அவ்வளவுதான் இடைவெளி. அப்படிப்பட்ட இடத்தில் டிவி பார்ப்பதை யாரும் ஒரே நாளில் நிறுத்தவில்லை. முதலில் பையன்கள் கிரிக்கெட்டைக் கைப்பேசிக்குக் கொண்டுபோனார்கள், பிறகு ஆண்கள் செய்தியை, அப்புறம் பெண்கள் நாடகங்களை, அதுவும் மீன் அரியும்போது சுவரில் சாய்த்துவைத்து, பிடிக்காத மாமியார் வந்தால் விரலால் தள்ளிவிட்டு. ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குக் கடைசியாக எப்போது போனோம் என்பது மறந்துபோவதுபோல அது நடந்தது. குண்டுப் பெட்டி வைத்திருந்தவர்கள் அதன் தலையில் மாதா சுரூபத்தையும் தைலப் புட்டியையும் வைத்திருந்ததால் அதற்காவது ஓர் உபயோகம் இருந்தது; சுவரில் மாட்டிய தட்டை டிவிகளுக்கு அதுவும் இல்லை. ரிமோட்டில் கிடந்த பேட்டரிகள் சுவர்க்கடிகாரங்களுக்குப் போயின. கேபிள் இணைப்பு மட்டும் எல்லோர் வீட்டிலும் இருந்தது, ஏனென்றால் கேபிள்காரன் சகாயம் எல்லோருக்கும் ஏதோ ஒரு வழியில் சொந்தம், வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

வியாகுலம் அண்ணன் மட்டும், கிரேன் ஏணியிலிருந்து வழுக்கி விழுந்து காலில் பிளேட் வைத்துப் படுத்த நாளிலிருந்து, பட்டன் கைப்பேசியைத் தவிர வேறொன்றும் இல்லாதவராகையால், விடியற்காலை ராசிபலன் தொடங்கி ராத்திரி நகைக்கடை விளம்பரம் வரை எல்லாவற்றையும் பார்த்தார். ஏழரை மணி நாடகத்தையும் பார்த்தார். அதில் ஒரு பெரிய வீடு, சொத்துக்குச் சண்டைபோடும் மூன்று மருமகள்கள், கூடத்து மூலையில் ஒரு மரத்தொட்டில், தொட்டிலில் ஒரு பெண்குழந்தை. மருமகள்கள் முன்னால் நின்று பேசிக்கொண்டே இருந்ததால் குழந்தைக்கு வளர நேரம் கிடைக்கவில்லை. பெயர் சூட்டு விழா வைத்தபோதெல்லாம் யாராவது மயங்கி விழுந்தார்கள், அல்லது போலீஸ் வந்தது. ஆகவே அதற்குப் பெயரும் இல்லை. எங்கள் லைனில் அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆள் தான்தான் என்பது அண்ணனுக்கே தெரியாது.

அழுகை இரண்டு சின்ன விக்கலாகத் தொடங்கி, நீளமாக ஓர் இழுப்பு இழுத்து, கடைசியில் மூச்சு முட்டினாற்போல ஒரு கேவலில் முடிந்து, மறுபடி விக்கலுக்கு வந்தது. அவரவர் பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று நினைத்தார்கள். பிறகு எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள், வந்து என்னையே பார்த்தார்கள், ஏனென்றால் லைனில் கைப்பிள்ளைக்காரி அப்போது நான் ஒருத்திதான். என் மகள் அமலி என் மாமியாரின் தோளில் கண்ணைத் திறந்துகொண்டு சும்மா இருந்தாள்.

"இவ வாய்விட்டு அழுதா வேளாங்கண்ணிக்கு நடந்தே வாரேன்னு நேர்ந்திருக்கேன்," என்றார் மாமி. "இது டிவி அழுவுது. அவரவர் வீட்டுக்குள்ள போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தார்கள். சுவிட்சைப் போட்டு அணைத்தார்கள், பிளக்கைப் பிடுங்கினார்கள், கேபிள் ஒயரைக் கழற்றினார்கள், ஒரு வீட்டில் கம்பளியைப் போட்டு மூடினார்கள்; கம்பளிக்குள்ளிருந்து அழுதது. சகாயம் வந்து எங்கள் பெட்டியின் முதுகில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "சிக்னல்ல ஒரு கோளாறும் இல்ல, பிள்ளைக்குத்தான் பசி," என்று சொல்லிவிட்டுப் போனான். எட்டு மணிக்கு அழுகை நின்றது. கப்பலில் இருக்கும் என் வீட்டுக்காரர் பதிவுசெய்து அனுப்பு என்றார், மறுநாள் பதிவுசெய்தேன், அதில் குக்கர் சத்தம் மட்டும்தான் இருந்தது. பக்கத்துத் தெருவில் அழுகை ஒன்றும் இல்லை. அங்கே பக்கவாதம் வந்து படுத்திருந்த ஒருவர் நாடகத்தை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் முழுக்கச் சாயங்கால ஷிப்டு பார்த்துவிட்டு அடுத்த ஞாயிறு விடுமுறையில் வீட்டிலிருந்த வியாகுலம் அண்ணன், ஞாயிற்றுக்கிழமையும் ஓடுகிற நாடகம் அது, கதை எங்கே நிற்கிறதென்று பார்க்க டிவியைப் போட்டார். அந்தக் கணமே எல்லா வீடுகளிலும் அழுகை நின்றது. வாசலில் கூட்டம் கூடியதும் அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஒரு வாரத்துல எப்பிடி மெலிஞ்சிட்டு பாருங்க," என்றார். எட்டிப் பார்த்தார்கள். உண்மைதான். மருமகள்களுக்குப் பின்னால், மூலைத் தொட்டிலில், குழந்தையின் கன்னம் ஒட்டியிருந்தது.

ஏன் இப்படி என்று கேட்டவர்கள் கொஞ்ச நாள் கேட்டார்கள். அதற்குள் யார் பார்ப்பது என்பது பெரிய பேச்சாகிவிட்டது. பங்குக் கோயிலில் எங்கள் லைனை ஓர் அன்பியமாக, அதாவது சேர்ந்து ஜெபிக்கிற ஒரு குழுவாக, பிரித்திருக்கிறார்கள். அதற்குத் தலைவி சலேத்மேரி அக்கா, சத்துணவுக்கூடத்தில் வேலை, நூறு பிள்ளைகளுக்குச் சோறு போட்டு ஒரு பிள்ளையும் தட்டில் மிச்சம் வைக்காமல் பார்த்துக்கொள்கிறவர். ஒவ்வொரு அக்டோபரிலும் மாதா சுரூபம் எங்களில் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு என்று தினமும் ஊர்வலமாகப் போகும். மாதா வருகிற வீட்டில் தரையைக் கழுவிச் சுண்டல் அவிப்பார்கள், மற்றவர்கள் அங்கே போய் ஜெபமாலை சொல்வார்கள். "அதே முறைதான்," என்றார் சலேத் அக்கா. "ஏழு மணிக்கு ஜெபமாலை, ஏழரைக்குப் பிள்ளை. இன்னைக்கு இந்த வீடு, நாளைக்கு அடுத்த வீடு. முடியாதுன்னு சொல்றவங்க மாதாகிட்டயே சொல்லிக்கிடுங்க."

ஆரம்பத்தில் முறைவந்த வீட்டார் மட்டும் பார்த்தார்கள். பார்க்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டு மடியில் கைப்பேசியை நோண்டினால் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். லைன் முழுக்க ஒரு சிணுங்கல் கேட்கும், உடனே எதிர்வரிசையிலிருந்து, "எவம்ல அது போன் பாக்கது? பிள்ளைய பாருல!" என்று சத்தம் வரும். சண்டை பெருத்ததால், யாரும் ஏமாற்ற முடியாதபடி எல்லோரும் ஒரே வீட்டில் கூடி உட்கார்ந்து பார்ப்பது என்று முடிவானது. தங்கள் வீட்டு டிவியை அணைத்துவிட்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சுண்டல் இருந்தது. ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்றுகூட யாரோ பங்குச் சாமியாரிடம் கேட்டார்கள். அது இந்து வீட்டுப் பிள்ளை, தாய் தகப்பன் சம்மதம் வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டு, டீயைக் குடித்து முடித்து, பெரிய மருமகளுக்குச் சொத்து கிடைத்துவிடுமா என்று விசாரித்தார்.

எல்லோருக்கும் அது நல்ல ஏற்பாடாக இருந்தது. எனக்கு இல்லை.

அமலி மாதம் முழுதாகாமல் பிறந்தவள். பிறந்தபோது அழவில்லை, பிறகும் அழவில்லை. பசித்தால் வாயைத் திறந்துகொண்டு, கோயிலில் நாக்கில் நன்மை அப்பம் வாங்க நிற்கிறவர்களைப்போல, சத்தமில்லாமல் காத்திருப்பாள். அவள் கேட்காததால் என் உடம்பு கொடுக்கவில்லை. மாமி பால்சுறா வாங்கிவந்து புட்டு அவித்தார், பூண்டை நெய்யில் வதக்கிக் கொடுத்தார், நான் கான்வென்டில் படித்தவள் என்பதால் டின் பாலின் மேல் எழுதியிருந்ததை எல்லாம் என்னை வாசிக்கச் சொல்லி அதன்படி கலக்கினார். அமலி அதை மூக்கு வழியாகத் திருப்பிக் கொடுத்தாள். நர்ஸம்மா தராசில் போட்டுப் பார்த்துவிட்டு முள்ளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். அமலி தூங்கும்போது அவள் மூக்கருகில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் வேலையாக இருந்தது. டிவி அழுத முதல் நாள், அந்த இரண்டு விக்கலும் நீளமான இழுப்பும் காதில் விழுந்ததும், என் நைட்டி இரண்டு பக்கமும் நனைந்தது. அமலி குடித்தாள். முழுங்குகிற சத்தம் கேட்டது. மாமி விளக்கைக் கிட்டே கொண்டுவந்து, பொய்யில்லை என்று பார்த்துக்கொண்டார். டிவிப் பிள்ளை பசியில் அழுத அந்த வாரம்தான் தராசு முள் முதன்முதலாக நகர்ந்தது. ஊரார் பார்க்கத் தொடங்கி அழுகை நின்றதும், பாலும் நின்றது.

மாமி கொண்டையை முடிந்துகொண்டு சலேத் அக்கா வீட்டு வாசலுக்குப் போனார். நான் பின்னால் பிள்ளையோடு போனேன்.

"ஏ சலேத்து, அந்தப் பிள்ளையக் கொஞ்சம் அழவிடணும்."

"என்ன மயினி சொல்லுதீங்க? பசிக்கிற பிள்ளைய அழவிடவா?"

"எங்க வீட்டுல பசிக்கிற பிள்ளை அழ மாட்டேங்குதே, அதுக்கு நீ என்ன செய்யப்போற?" என்று சொல்லி, மாமி என் நைட்டியையும், தராசு முள்ளையும், சுறாப்புட்டையும் பற்றி லைன் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு அமலியின் உச்சியைப் பார்த்தேன், அது துடித்துக்கொண்டிருந்தது.

"டிவிப் பிள்ளை அழுதா இவளுக்கு எப்பிடி மயினி பால் வரும்?"

"அதெல்லாம் கேக்காத. டிவிப் பிள்ளை எப்பிடி அழுவுதுன்னு நீ கேட்டியா?"

வியாகுலம் அண்ணன் வேலைவிட்டு வந்த சட்டையோடு நின்றிருந்தார். "ஒரு பிள்ளையைப் பட்டினி போட்டுத்தான் இன்னொரு பிள்ளைக்குக் குடுக்கணுமா? நான் ஒத்துக்கிட மாட்டேன்," என்றார். பிறகு அமலியின் காலைப் பார்த்தார். அவருடைய கட்டைவிரல் அளவுதான் இருந்தது. "எவ்வளவு நேரம்மா அழணும்?" என்று என்னிடம் கேட்டார்.

"முதல் ரெண்டு மடக்கு இறங்குற வரைக்கும்ணே. அதுக்கப்புறம் அவளே இழுத்துக்கிடுவா."

சலேத் அக்கா யோசித்தார். நாடகத்துக்கு ஒரு தலைப்புப் பாட்டு உண்டு; மூன்று மருமகள்களும் மூன்று திசையிலிருந்து முடி பறக்க நடந்துவந்து, வீட்டைச் சுற்றி, ஒருவரை ஒருவர் முறைத்து, திரும்பிப் போய், மறுபடி வந்து நிற்பதற்குள் உலை கொதித்துவிடும். "பாட்டு முடியுற வரைக்கும் யாரும் பாக்கப்படாது," என்றார். "எல்லாரும் கண்ண மூடிக்கிடுங்க, ஜெபத்துல மூடுத மாதிரி. பாட்டு முடிஞ்சதும் திறங்க."

அன்றிலிருந்து எங்கள் லைன் அப்படித்தான் இருந்தது. ஏழரை மணிக்கு ஏதாவது ஒரு வீட்டில் டிவி முன்னால் எல்லோரும் கண்ணை மூடி உட்கார்ந்திருக்க, பாட்டு ஓட, பாட்டையும் மீறிப் பிள்ளை அழ, என் வீட்டில் அணைந்து கிடந்த பெட்டியும் அதே குரலில் அழ, அதன் முன்னால் நான் அமலியை மார்பில் வைத்துக்கொண்டு இருந்தேன். பாட்டு முடிந்து அவர்கள் கண்ணைத் திறந்ததும் அழுகை நிற்கும், அதற்குள் பால் வழி கண்டிருக்கும். கண்ணைச் சீக்கிரம் திறந்துவிட்டவர்களை மற்றவர்கள் தொடையில் கிள்ளினார்கள். நாடகத்துப் பிள்ளையும் கன்னம் வைத்தது, அமலியும் கன்னம் வைத்தாள். நர்ஸம்மா என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டபோது, சுறாப்புட்டு என்று மாமி சொன்னார். அமலி அப்போதும் அழவில்லை. ஆனால் ஏழரை ஆகப்போகிறதென்றால் தலையைப் பெட்டிப் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

பிறகு ஒரு சாயங்காலம் சகாயம் வந்து, சுண்டலை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் நின்றான்.

"வார வெள்ளியோட நாடகத்த முடிக்கானுவ. பாக்க ஆள் இல்லையாம்."

"ஆள் இல்லையா?" சலேத் அக்கா எழுந்துவிட்டார். "இந்த லைன் முழுக்க இங்க உக்காந்திருக்கு! ஒரு நாள் விட்டிருப்போமா? காய்ச்சலோட வந்து உக்காந்தாங்களே!"

"ஒரு பெட்டி முன்னால எத்தன பேர் உக்காந்தாலும் ஒரு பெட்டிதான் அக்கா. எங்கயோ சில வீட்டுல மிஷின் வச்சு எண்ணுதானுவ, எந்த வீடுன்னு யாருக்கும் தெரியாது. நீங்க தனித்தனியா அவங்கவங்க வீட்டுல போட்டிருந்தா, உங்கள்ள யார் வீட்டுலயாவது அந்த மிஷின் இருந்து எண்ணியிருக்கும். இருக்கிற பெட்டியெல்லாம் அணைச்சுப்போட்டு ஒண்ணு முன்னால வந்து உக்காந்திட்டீங்க."

மூத்த மருமகள் டிவியில் யாரையோ மிரட்டிக்கொண்டிருந்தாள்.

"மாதாவ ஒரே நேரத்துல எல்லார் வீட்டுலயும் வைக்க முடியாதுல்லா," என்றார் சலேத் அக்கா, மெதுவாக. "அதே பழக்கத்துல செஞ்சிட்டோம்."

இனிமேல் தனித்தனியாகப் போடலாமா என்று கேட்டார்கள். கடைசிப் பகுதிவரை படம் எடுத்து முடித்தாயிற்று, இனிப் பிரயோசனம் இல்லை என்றான் சகாயம். மாமி என்னைப் பார்த்தார். நான் வீட்டுக்கு வந்து டின் பாலின் மேல் எழுதியிருந்ததை மறுபடி முதலிலிருந்து வாசித்தேன்.

கடைசி நாள் சாமியாரும் வந்தார். பாட்டுக்குக் கண்ணை மூடினார்கள், பிள்ளை அழுதது, அமலி குடித்தாள், குடித்ததும் அவளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் கூடியிருந்த வீட்டுக்கு நானும் போனேன். இத்தனை காலமும் தீராத சண்டையெல்லாம் அன்றைக்குத் தீர்ந்தது. பெரியவள் மன்னிப்புக் கேட்டாள், நடுவிலாள் ஜெயிலுக்குப் போனாள், சொத்து அநாதை இல்லத்துக்குப் போனது. பிறகு திரை கறுத்து, 'பத்து ஆண்டுகளுக்குப் பிறகு' என்று எழுத்து வந்தது. மறுபடி வெளிச்சம் வந்தபோது கூடத்து மூலையில் தொட்டில் இல்லை. இரட்டைச் சடையை மடித்து ரிப்பன் கட்டி, பள்ளிக்கூடப் பையோடு ஒரு பெண்பிள்ளை ஓடிவந்து, "அம்மா, எனக்குப் பசிக்குது!" என்றாள். இளைய மருமகள், "வா, சாப்பிடலாம்," என்று அவளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள். 'வணக்கம்' என்று போட்டார்கள். அப்போதும் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

எங்கள் லைனில் கைதட்டினார்கள். "வளந்திட்டா பாத்தியா, வாய்விட்டுக் கேக்கா பாத்தியா," என்று வியாகுலம் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாங்கிவைத்திருந்த மக்ரூனை எல்லோருக்கும் கொடுத்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு, இனி அழுவதற்கு அங்கே கைப்பிள்ளை இல்லை என்பதை நான் மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஏழரை ஆனபோது அழுகை இல்லை. பழக்கத்தில் நாற்காலியோடு வாசலுக்கு வந்தவர்கள், எந்த வீட்டுக்கும் போக வேண்டியதில்லை என்று ஞாபகம் வந்து, வந்த இடத்திலேயே போட்டு உட்கார்ந்தார்கள். நான் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து அமலியை மடியில் போட்டிருந்தேன். மார்பு கல்லாகக் கனத்தது, ஒரு சொட்டு இறங்கவில்லை. மாமி பாலாடைச் சங்கில் டின் பாலை ஊற்றிவைத்துக்கொண்டு, வாந்தி துடைக்கத் துணியையும் எடுத்து வைத்துக்கொண்டார். அமலி தலையைத் திருப்பினாள். பெட்டியின் கறுப்புக் கண்ணாடியில் நாங்கள் மூன்று பேரும் தெரிந்தோம். அவள் அதைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள், காத்திருந்தாள். என்றைக்கும் அவளுக்காக அழுகிறவள் அன்றைக்கு அழவில்லை. அவளுடைய கீழுதடு பிதுங்கியது, நெற்றி சிவந்தது. இரண்டு சின்ன விக்கல் விக்கி, நீளமாக ஓர் இழுப்பு இழுத்து, கடைசியில் மூச்சு முட்டினாற்போல் ஒரு கேவல் கேவினாள்.

பாலாடை மாமியின் கையிலிருந்து விழுந்தது.

"ஐயையோ, அழுவுது!" என்று வெளியே யாரோ கத்தினார்கள். நாற்காலிகள் சரிந்தன. "நாடகந்தான் முடிஞ்சிட்டே, எதப் போட?" என்று ஒருத்தர் கேட்க, "எதையாவது போடுங்க! தனித்தனியாப் போடுங்க! ஒரு வீடு விடாம எல்லாரும் போடுங்க!" என்று சலேத் அக்கா குழாயடியில் நின்று கத்தினார். சுவர்க்கடிகாரங்களைக் கழற்றிப் பேட்டரியை எடுத்து ரிமோட்டில் போட்டார்கள், கம்பளியை உருவினார்கள், பெட்டியின் தலையிலிருந்த சுரூபத்தை இறக்கிவைத்துவிட்டு முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்கள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு எங்கள் லைனில் எல்லா டிவியும் ஒரே நேரத்தில் எரிந்தது. ஒரு வீட்டில் செய்தி, ஒரு வீட்டில் மல்யுத்தம், ஒரு வீட்டில் பழைய பாட்டு, ஒரு வீட்டில் யாரோ ஒருவர் சமையல் எண்ணெயின் பெருமையைச் சொல்ல, அதையும் கண் கொட்டாமல் பார்த்தார்கள். இரண்டு வரிசையிலும் வாசலுக்கு வாசல் நீல வெளிச்சம் வந்து தெருவில் விழுந்தது. வியாகுலம் அண்ணன் தன் வீட்டில் ஒரு கண்ணும் எதிர்வீட்டில் ஒரு கண்ணுமாக நடைபாதையில் நின்று இரண்டையும் பார்த்தார். அழுகை நிற்கவில்லை.

"வேளாங்கண்ணி இங்கேருந்து எத்தன மைல் இருக்கும்?" என்று மாமி என்னிடம் கேட்டார். கேட்டுவிட்டு, என் நைட்டி நனைவதைப் பார்த்து, "ஏளா, என்ன பாத்துக்கிட்டே இருக்க? மார்ல வை," என்றார்.

"கொஞ்சம் பொறுங்க மாமி," என்றேன்.

அந்தத் தலைப்புப் பாட்டு எவ்வளவு நேரம் ஓடும் என்பது எங்கள் லைனில் எல்லோருக்கும் உடம்பிலேயே தெரியும். அது முடிகிற நேரம் வரைக்கும் அவளை அழவிட்டேன்.